சிவப்பு மையால் நான் அடித்த வரி

அன்று காலை எங்கள் கல்லூரியின் சமூகப்பணித் துறையில் அகமதிப்பீட்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தேன், தேவகியின் பெயர். அவள் அழைத்தால் ஐந்து நிமிடத்தில் முடியாது. துண்டித்தேன். மறுபடி அதிர்ந்தது, மறுபடி துண்டித்தேன். மூன்றாவது முறை எழுந்து வெளியே போய், "தேவகி, மீட்டிங்ல இருக்கேன், மத்தியானம் நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வைக்கப் போனேன். "மேடம், நான் தேவகி வூட்டுக்காரர் பேசறேன்" என்றது ஓர் ஆண்குரல். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூளையில் இரத்தக் கசிவு. முந்தின நாள் மாலை திருவொற்றியூர் அலுவலகத்தில், தலை வலிக்கிறது என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தவள் பிறகு கண் திறக்கவில்லை. நாற்பது வயது ஆகவில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

இதைப் படிக்கும் எங்கள் துறை மாணவர்களான உங்களில் பலர் தேவகியிடம் களப்பணி செய்தவர்கள். அவளிடம் திட்டு வாங்கியவர்கள், அவள் வீட்டு மீன் குழம்பைச் சாப்பிட்டவர்கள். உங்களுக்கு அவளை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்கும் அவளுக்கும் இடையில் பதினாறு ஆண்டுகள் இருந்தது. அதை அவளிடம் பேசியிருக்க வேண்டியவள் நான். பேசவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். கூட்டங்களில் அவளை 'திருமதி தேவகி' என்றும் 'அவர்' என்றும்தான் குறிப்பிட்டு வந்தேன். 'அவர்' என்று சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ள முடியும். இன்று அது வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், அவள் மாணவியாக வந்த முதல் ஆண்டில் அவள் முகமே எனக்கு நினைவில்லை. கடைசி வரிசை. முதல் மணி வகுப்பில் பாதி நேரம் போன பிறகுதான் வருவாள். எண்ணூரிலிருந்து வரும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் பேருந்து நகராது என்பது எனக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் 'வந்தார்', 'வரவில்லை' என்ற இரண்டுக்குத்தான் இடம். ஆனால் அவள் எண்ணூரிலிருந்து வருகிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது; கொடுத்திருந்த முகவரியோ ராயபுரத்தில் ஓர் அத்தை வீடு. ராயபுரத்திலிருந்து வருகிறவள் ஏன் தினமும் தாமதமாக வருகிறாள் என்று ஒரு முறை வகுப்பிலேயே கேட்டேன். வகுப்பில் யாரோ சிரித்தார்கள்.

சமூகப்பணி முதுகலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., இரண்டு ஆண்டுப் படிப்பு. வாரத்தில் இரண்டு நாள் மாணவர்கள் களத்துக்குப் போக வேண்டும். குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனைகள். போய்வந்ததை ஆங்கிலத்தில் எழுதி வர வேண்டும். ஆசிரியர் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போடுவார். எளிய மக்களிடம் அவர்கள் மொழியிலேயே காது கொடுத்துக் கேள் என்று வகுப்பில் சொல்வோம். கேட்டதை அவர்களால் வாசிக்க முடியாத மொழியில் எழுதி வா என்றும் சொல்வோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் இந்த வேலையில் இருக்கிறேன். இந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நன்றாக எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோர் தொழிற்சாலைகளில் மனிதவள அதிகாரிகளாகப் போனார்கள். நன்றாக வேலை செய்திருக்கக் கூடிய சிலர் இரண்டாம் ஆண்டைத் தாண்டவில்லை. பின்னாளில் தேவகி இதைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாள். "என் கிளாஸ்மேட்டு எல்லாம் கம்பெனி கேட்டுக்கு உள்ள குந்திகினு எங்க ஆளுங்கள வெளிய நிறுத்தறாங்க. நான் வெளிய நிக்கறவங்களோட நிக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே சர்ட்டிபிகேட்டுதான் மேடம்."

மூன்றாம் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு தனிநபரோடு சில வாரங்கள் பழகி, அவருடைய சிக்கலையும் தாங்கள் செய்த உதவியையும் பதிவேடாக எழுதித் தர வேண்டும். சம்பந்தப்பட்டவரின் பெயரை எழுதக் கூடாது. ஓர் எழுத்து மட்டும். தேவகி எழுதித் தந்தது 'செல்வி எஸ்' என்ற பெண்ணைப் பற்றி. வயது இருபத்திரண்டு. கடலோரக் குப்பத்தில் வீடு. விடியற்காலையில் அம்மாவோடு இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போய்விட்டு வந்து, குளித்து, இரண்டு பேருந்து மாறிப் படிக்கப் போகிறாள். வகுப்பில் சொல்வது புரிகிறது. எழுந்து பேசச் சொன்னால் வாய் வருவதில்லை. கையில் இறால் வாடை இருக்குமோ என்று பயந்து பக்கத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து உட்காருகிறாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாள், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

இன்று இதை எழுதும்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும் போலிருக்கிறது. அன்று என் மேசையில் முப்பது பதிவேடுகள் இருந்தன. ஆங்கில வினைச்சொற்களின் காலப்பிழைகளை வட்டமிட்டேன். 'நடையில் உணர்ச்சி அதிகம்' என்று எழுதினேன். 'செல்வி எஸ் தன் புத்தகங்களை மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டியில் வைத்திருக்கிறாள், கடல் தண்ணீர் வீட்டுக்குள் வந்தாலும் பெட்டி மிதக்கும்' என்று ஒரு வரி இருந்தது. அதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'தேவையற்ற விவரம்' என்று குறித்தேன். கடைசிப் பக்கத்தில், 'இந்தப் பெண்ணுக்கு நீ என்ன செய்தாய்?' என்று கேட்டு, இருபத்தைந்துக்குப் பதினொன்று போட்டேன்.

தேவகி அந்த நோட்டை என் எதிரில் நின்றபடியே திறந்து கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு மேசைமேலேயே திரும்ப வைத்தாள்.

"ஒண்ணும் செய்யல மேடம்" என்றாள்.

"அதைத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, வருகைக் குறைவுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ராயபுரம் முகவரிக்குக் கடிதம் போட்டேன். அத்தை தொலைபேசியில் அழைத்து, "அது இங்க எப்பவும் இருந்ததே இல்லம்மா, எண்ணூர்ல கீது" என்று குப்பத்தின் பெயரைச் சொன்னார். வருகைக் குறைவை மன்னிக்கக் கோரும் விலக்கு விண்ணப்பத்தில் மாணவியின் கையெழுத்து வாங்க வேண்டும், கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் போனேன். பரிவால் போனேன் என்று பின்னாளில் பலர் சொல்லிக் கேட்டு நான் மறுக்காமல் இருந்திருக்கிறேன். இப்போது மறுக்கிறேன். வீடு தேடிப் போவது எப்படி என்று பத்தாண்டுகள் வகுப்பெடுத்திருந்த நான், ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனது அதுவே முதல் தடவை.

வாசலில் தேவகியின் அம்மா தேசம்மா கருவாட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் கைப்பையையும் ஃபைலையும் பார்த்துவிட்டு, "லோன் ஆபீஸா? ஆம்பள கடலுக்குப் போய்க்கீறாரு, சாயந்தரம் வா" என்றாள்.

"இல்லம்மா, காலேஜ்லேர்ந்து வரேன்."

"தோடா! டீச்சரே வூட்டுக்கு வந்துகீது! உள்ள வா, குந்து. எம் பொண்ணு எதுனா தப்புதண்டா பண்ணிட்ச்சா?"

"இல்ல. ஒரு மாசமா வரல."

"எங்க வரும்? படிப்பே வாணாம்னு சொல்லிகினு கொட்டாயிலயே கெடக்குது. இன்னாடின்னு கேட்டா வாயே தொறக்கல. நான் இன்னா கண்டேன், படிச்சவளா? நீ படிச்சவ, நீ கேளு."

உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரே அறை. ஒரு பக்கம் சுருட்டிய வலை, ஒரு பக்கம் தொலைக்காட்சி. இரண்டுக்கும் நடுவில் தரையில் வெள்ளையாக ஒரு தெர்மோகோல் பெட்டி இருந்தது. மூடி பாதி திறந்திருந்தது. உள்ளே புத்தகங்கள். மேலே இருந்தது எங்கள் துறை நூலகத்து முத்திரை போட்ட புத்தகம். நான்தான் படிக்கச் சொன்னது.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. தேசம்மா சோடா வாங்கி வந்து நீட்டியபோது கை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஒரு பெண் தன் கஷ்டத்தைச் சொல்ல எங்கள் துறையில் அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தப் பதிவேடுதான். எங்கள் விதிப்படியே, பெயரை மறைத்து, ஆங்கிலத்தில், தலைப்பும் உட்தலைப்பும் போட்டு அவள் உதவி கேட்டிருந்தாள். காகிதத்தில் அவளுக்கு நியமிக்கப்பட்ட ஆலோசகரும் நானேதான். இந்தப் பெண்ணுக்கு நீ என்ன செய்தாய் என்று அவளையே கேட்டிருக்கிறேன்.

தேவகி கொட்டகையிலிருந்து வந்தாள். என்னைக் கண்டதும் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் வருகைப் பதிவு பற்றிப் பேசினேன். எத்தனை நாள் குறைகிறது, விண்ணப்பத்தை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், இந்த ஆண்டு முடியாவிட்டால் அடுத்த ஆண்டு மறுசேர்க்கைக்கு எப்படி எழுதுவது. அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கிளம்பும்போது, "மேடம், அந்த கேஸ் ரெக்கார்டத் திருத்தி எழுதித் தரணுமா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

என்னால் முடிந்தது அந்த ஒரு சொல்தான். அவளுக்கு அது எப்படிக் கேட்டது என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அந்த ஆண்டு அவளுக்கு விலக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, இளையவர்களோடு உட்கார்ந்து முடித்தாள். பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் தேசம்மா, "டீச்சரே வூடு தேடி வந்துட்டா, இனிமே நான் இன்னா பண்றது, நீங்க வேற எடம் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். தேவகி இதை எல்லோரிடமும் சொல்வாள். என்னை வைத்துக்கொண்டே சொல்வாள். நான் சோடாவைக் குடித்துவிட்டு வந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பிறகு அவள் திருவொற்றியூரில் மீனவப் பெண்களுக்கும் படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்குமான ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தாள். சில ஆண்டுகளில் எங்கள் மாணவர்களை அவளிடமே களப்பணிக்கு அனுப்பத் தொடங்கினோம். அங்கே அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். உங்களுக்குத் தெரியும். அவளிடம் போகும் மாணவர் யாராக இருந்தாலும், முதலில் பார்க்கப் போக வேண்டியது அவரவர் சொந்த வீடு. வேறு யாரோ ஒருவர் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்து, தாயை, தகப்பனை, தன்னை, எல்லாரையும் எழுத வேண்டும். தமிழில். பேசுகிற தமிழிலேயே. அதைத் தேவகி மட்டும்தான் படிப்பாள். மதிப்பெண் கிடையாது, கையெழுத்துக் கிடையாது.

இதை நான் எதிர்த்தேன். பாடத்திட்டத்தில் இல்லை, மாணவர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவது, நாளை யாராவது புகார் கொடுத்தால் துறைதான் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், நாம எந்த வூட்டுக்குப் போனாலும் மொதல்ல அடுப்பாங்கரைய எட்டிப் பாக்கறோம். நம்ம அடுப்பாங்கரைய ஒருத்தர் எட்டிப் பாத்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சிகினு போவட்டுமே" என்றாள். அது எங்கிருந்து வந்த யோசனை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா என்ன.

இந்த ஆண்டு அவளிடம் அனுப்பிய ஐந்து பேரில் ரேவதி என்று ஒரு மாணவி. எம்.கே.பி. நகரில் மளிகைக் கடை வைத்திருக்கும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று வாரம் களப்பணிக்கு வரவில்லை. நான் வழக்கம்போலப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். தேவகி அழைத்தாள். "அவ லீவு போடல மேடம். போட வெச்சிகீறாங்க. கெளம்பி வாங்க." ரேவதியின் நோட்டைப் படித்துத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதில் இருந்த ஒரு வார்த்தையைக்கூட என்னிடம் சொல்லவில்லை.

கடையிலேயே ரேவதியின் அப்பா பிடித்துக்கொண்டார். "படிக்கப் போறேன்னுட்டு எம் மவ மீன் ஏலத்துல ஆம்பளைகளோட நிக்கா. கடைக்குச் சரக்குப் போடுதவன் பாத்துட்டு வந்து சொல்லுதான். எம்.எஸ்.டபிள்யூ.ன்னா ஏதோ ஆபீஸ் உத்தியோகம்னுல்லா நெனச்சேன்?"

நான் பையிலிருந்து வருகை விதிகளின் நகலை எடுத்தேன். தேவகி என் கையை மெல்ல அழுத்தி அதை உள்ளே வைக்கச் சொன்னாள்.

"அண்ணாச்சி, இந்தத் தெருவுல யார் வூட்ல சண்டை, யார் வூட்ல பொண்ணு சாப்பிடாம கெடக்குது, யாரு குடிச்சிட்டு வந்து அடிக்கறான், இத்தெல்லாம் உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியாம? கடையில நின்னாலே தெரியும்லா."

"தெரிஞ்சா சும்மா இருப்பீங்களா?"

"எப்படி இருக்க? நாலு வார்த்த சொல்லத்தான் செய்வேன்."

"அதான் அண்ணாச்சி வேலையே. நீங்க கடையில நின்னு பாக்கறீங்க. உங்க பொண்ணு ஏலத்துல நின்னு பாக்குது. அதுக்கு டிகிரி தராங்க, உங்களுக்குத் தரல. இன்னா பண்றது, நீங்க அப்ளிகேஷன் போடல."

அவர் சிரித்துவிட்டார். "நீ நல்லாப் பேசுதியேம்மா." ஆனால் அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஒரு மாதம் தேவகியே ரேவதியை வீட்டிலிருந்து கூட்டிப் போய்க் கொண்டுவந்து விட வேண்டும் என்றார். எண்ணூரிலிருந்து எம்.கே.பி. நகர் வந்து, அங்கிருந்து திருவொற்றியூர் போய், மறுபடி மாலையில். அவள் ஒரு மாதமும் செய்தாள். என்னிடம் அப்போதே இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். சமயத்தில் போட மறந்துவிடுகிறது என்றாள். ஒழுங்காகப் போடு என்றேன். எல்லோரும் சொல்வதைப்போலச் சொன்னேன்.

இனி, சொல்லக் கஷ்டமான பகுதி.

அவள் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, பாடத்திட்டத்தைத் திருத்த ஒரு பயிலரங்கு வைத்தோம். களத்திலிருந்து ஒருவராகத் தேவகியை அழைத்திருந்தோம். களப்பணிப் பதிவேடுகளைத் தமிழில் எழுத விட வேண்டும், முதல் பதிவேடு சொந்த வீட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர், "இதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?" என்றார்.

"ஒரு கேஸ் சொல்றேன் சார்" என்று தேவகி எழுந்தாள். "ஒரு பொண்ணு. படிப்ப விட்டுடலாமான்னு பேஜாராப் போச்சு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. தன்னையே ஒரு கேஸா எழுதி டீச்சர்கிட்ட குடுத்திச்சு. டீச்சரு மார்க்கு போட்டுட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "கண்டுபிடிக்கலையா அந்த டீச்சர்?" என்றார்.

"பாவம் சார், டீச்சர் பிஸி."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். அறையில் எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடுமே என்று சிரித்தேன்.

"ஆனா வூட்டுக்கு வந்தாங்க சார். வந்து, பெட்டிய பாத்தாங்க. நான் வாசல்ல நின்னு பாத்துகினு இருந்தேன், அவங்க பெட்டிய பாக்கறத. அப்பால அட்டெண்டன்ஸ் பத்திப் பேசினாங்க."

'ஒரு பொண்ணு' என்று ஆரம்பித்தவள் எப்போது 'நான்' என்று மாறினாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பதினாறு ஆண்டுகள், கூட்டங்களில், பேருந்துகளில், அவள் கல்யாணத்தில், அவளுக்குப் பிறந்த மகளைப் பார்க்கப் போன மருத்துவமனையில், நான் வாய் திறப்பேன் என்று அவள் காத்திருந்திருக்கிறாள். அல்லது காத்திருக்கவே இல்லையோ. அதுவும் எனக்குத் தெரியவில்லை. அவளுடைய கோரிக்கைக்கு எதிரே 'பரிசீலிக்கப்படும்' என்று குறிப்பு எழுதியவளும் நான்தான்.

தேநீர் நேரத்தில் பக்கத்தில் வந்தாள். "இன்னா மேடம், கோவமா?"

"இல்ல தேவகி. உங்கிட்ட கொஞ்சம் பேசணும். அடுத்த வாரம் அங்க வரேன்."

"பேசலாம் மேடம், இன்னா அவசரம். வாங்க, சங்கரா மீனு வாங்கி வெக்கறேன்."

அடுத்த வாரம் அகமதிப்பீட்டுத் தேர்வு. அதற்கடுத்த வாரம் ஓர் ஆய்வுக்குழு வருகை. இரண்டு முறையும் குறுஞ்செய்தி அனுப்பித் தள்ளிவைத்தேன். இரண்டு முறையும் அவள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள். மூன்றாவது வாரம் அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அதை இரண்டு முறை துண்டித்தேன்.

எண்ணூரில் அந்த வீடு இப்போது இரண்டு அறைகளாகியிருக்கிறது. வாசலில் பந்தல். நான் போனபோது தேசம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரிவதில்லை. யாரோ என் பெயரைச் சொன்னார்கள். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அழவில்லை. "வந்துட்டியா டீச்சரு" என்றாள். "நீ வந்தா அட்டெண்டன்ஸ்தான் பேசுவ. இன்னிக்கு ஆப்சென்ட் போட்டுக்கோ. இனிமே ஆப்சென்ட்டுதான்."

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. அந்த வீட்டில் அது பழைய கேலி. தேவகி சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்த கேலி. நான் அந்தக் கையைப் பிடித்தபடி மாலைவரை உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தேவகியின் கைகள் மார்பின்மேல் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவ்வளவு நேரம் அந்தக் கைகளை நான் பார்த்ததே இல்லை. இறால் முள் கீறிய வெள்ளைத் தழும்புகள் விரல்களில் அப்படியே இருந்தன.

அந்தப் பழைய பதிவேடு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் இல்லை. துறை புதிய கட்டடத்துக்கு மாறியபோது பழைய பதிவேடுகளைக் கட்டுக்கட்டாகக் காயலான் கடைக்குப் போட்டோம். அந்த ஆண்டின் கட்டு என் கண்முன்னால்தான் வண்டியில் ஏறியது. பிரித்துத் தேடியிருக்கலாம். மற்றவர்கள் இருந்தார்கள். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று நின்றுவிட்டேன்.

காரியம் முடிந்த பிறகு, அவள் அலுவலகத்தில் இருந்தவர்கள் இந்த ஆண்டு மாணவர்களின் ஐந்து நோட்டுகளைத் துறைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் அந்தந்த மாணவர் கையால் 'தேவகி அக்காவுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. நான் திறக்கவில்லை. வகுப்புக்கு எடுத்துப் போய், யாருடையது யாருக்கோ அவரவரிடம் கொடுத்தேன். நான்கு பேர் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். ரேவதி மட்டும் மாலையில் என் அறைக்கு வந்து நோட்டை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா முதல் பாதிதான் படிச்சிருந்தாங்க மேடம். அதுக்கப்புறம் நான் எழுதினத யாரும் படிக்கல."

"நான் படிக்கணுமா?"

"ஆமா மேடம்." போனவள் கதவருகே நின்று, "அதுல நிறையத் தப்பு இருக்கும்" என்றாள்.

"இருக்கட்டும். நீ உக்காரு."

அவள் எதிரில் உட்கார்ந்திருக்க, நோட்டைப் படித்தேன். படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். படித்து முடித்ததும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. 'தேவகி என்ன சொல்லியிருப்பாள்' என்று எதிரில் இருந்தவளிடமே கேட்டேன். ரேவதி அழத் தொடங்கினாள். நானும்.

தேவகியிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள ஒரு புகைப்படமோ எழுத்தோ இல்லை. இருப்பது ஒரு பழக்கம்தான். அதுவும் இரண்டு மாதப் பழக்கம். இப்போதெல்லாம் மாணவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டுதான் பதிவேட்டைப் படிக்கிறேன். பேனாவை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன். மெதுவாகத்தான் போகிறது, முப்பது பேருக்கு ஒரு வாரம் போதவில்லை, துறையில் முணுமுணுக்கிறார்கள். படித்து முடித்துத் தலை நிமிரும்போது எதிரில் இருப்பது வேறு யாரோ. நான் பேச வேண்டியிருந்தவளிடம் பேசாமலே போய்விட்டது என்பது ஒவ்வொரு நோட்டின் முடிவிலும் மறுபடி நினைவுக்கு வருகிறது.